போட்டோவுக்கு நிற்கும் குதிரை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறேன். வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்ன உதிரி பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் குறை உள்ளதை அந்தப் பக்கமும் பிரித்துப் போடுகிற வேலை. என் வீட்டுக்காரருக்குக் குதிரைத் தொழில். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறி வருவாரே, அந்தக் குதிரையை வாடகைக்கு விடுவார். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிற பெண்கள் எனக்குக் 'குதிரைக்காரம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. இப்போது அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் கோபம் வருகிறது.

எங்கள் குதிரையின் பெயர் நூரி. தும்பைப்பூ மாதிரி வெள்ளை. அது வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "நமக்கே கால் நீட்டிப் படுக்க இடமில்ல, இதுல குதிரைக்கு லாயமா?" என்று நான் போட்ட சண்டையை அக்கம்பக்கத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்கள். பேசாமல் இருந்தே காரியம் சாதிக்கிற ரகம் இவர். ஒரே மாதத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் கொள்ளுப் பாத்திரத்தை எட்டிப் பார்க்கிற ஆளாக நான் மாறிப்போனேன்.

நூரி போகாத ஊர் இல்லை. கல்லாவி, சிங்காரப்பேட்டை என்று ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் பிக்கப் வண்டியில் ஏறிப் போய் வரும். காதுக்குப் பக்கத்தில் ஆயிரம் வாலா வெடித்தாலும் கண்ணைச் சிமிட்டாது. பயத்தில் வெடவெடத்து ஏறுகிற மாப்பிள்ளையைக்கூட ராஜா மாதிரி காட்டிவிடும். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்று அதற்கு உண்டு. ஊர்வலத்தில் போட்டோக்காரர் முன்னால் ஓடிப் போய்த் திரும்பி நின்று கேமராவைத் தூக்குவார். "பாய், ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்பார். இவர் கயிற்றை இழுத்து நிறுத்துவார். கொஞ்ச காலத்தில் யாரும் இழுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. எதிரில் யாராவது கேமராவைத் தூக்கினாலே நூரி தானாக நின்று, கழுத்தை வளைத்து, ஒரு முன்னங்காலை எடுத்து வைத்து, காதுகளை விடைத்துக்கொண்டு போஸ் கொடுக்கும். கேமராவைக் கீழே இறக்கினால்தான் அடுத்த அடி வைக்கும். பிறகு ஊரெல்லாம் செல்போன் வந்தது. போனைத் தூக்கினாலும் அதே மரியாதைதான். இந்தப் பக்கத்துப் போட்டோக்காரர்கள் பலர் கல்யாண வீட்டாரிடம், "அந்த போட்டோவுக்கு நிக்கிற குதிரைய சொல்லுங்க" என்று அவர்களே சிபாரிசு செய்வார்கள். எங்கள் சோற்றில் பாதி அந்தப் போஸ் போட்டதுதான்.

அந்த வைகாசிக்கு முன்பே நூரிக்கு முன்னங்கால் மூட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. கால்நடை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். வயசாகிறது, இனி தார் ரோட்டில் மணிக்கணக்காக நிற்கவைக்கக் கூடாது, கனமான ஆள் ஏறக் கூடாது, மெத்தென்ற மண்ணில் சின்னப் பிள்ளைகளைச் சுமந்து நடந்தால் இன்னும் பல வருஷம் நன்றாக இருக்கும் என்றார். எங்கள் தொழிலோ தார் ரோடும் கனமான மாப்பிள்ளையும்தான். வேறு குதிரை வேண்டும். ஆனால் இரண்டைக் கட்டித் தீனி போட எங்களால் முடியாது. சந்தைக்குக் கொண்டுபோனால் யார் வாங்குவார்கள், எந்த வண்டியில் பூட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. இவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்ப்பார். முடிவெடுக்க வேண்டியது நான்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் குதிரைக்கு லாடம் அடிக்க வருகிறவர்தான் வழி காட்டினார். எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒருவர் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறாராம். பெங்களூரிலிருந்து காரில் வந்து படித்துவிட்டுப் போகிற பிள்ளைகள். அவரிடம் ஒரு இளங்குட்டி இருக்கிறது, ஆனால் அது துள்ளுகிறது, அவருக்கு வேண்டியது நிதானமான, ஊர் பார்த்த குதிரை. காசு கைமாறாமல் குதிரைக்குக் குதிரை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. ஒரு மாதம் பார்ப்பது, இரண்டு பக்கமும் திருப்தி என்றால் முடிவு, இல்லையென்றால் அவரவர் குதிரை அவரவருக்கு. எங்கள் கம்பெனியில் புது ஆளைச் சேர்க்கிற மாதிரி ட்ரையல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த மனிதர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கன்னடக்காரர், நம்ம தமிழும் பேசுவார். நூரியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். கடிக்குமா, உதைக்குமா, நாயைப் பார்த்து மிரளுமா, சேணம் போடும்போது வயிற்றை உப்பிக்கொள்ளுமா என்று கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். மூட்டு வீக்கத்தையும் டாக்டர் சொன்னதையும் இவர் மறைக்காமல் சொன்னார். போட்டோவுக்கு நிற்கிறதை மட்டும் அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகிறவர் தனக்கு நன்றாகச் சமைக்கவும் வரும் என்று சொல்லிக்கொண்டா இருப்பார்? குதிரையின் பெருமையை நாமே பீற்றிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டோம்.

மாற்றாக வந்த குட்டியின் நிறம் சாம்பல். அதுவும் ஒரே சீரான சாம்பல் இல்லை, அடுப்பங்கரைக் கைப்பிடித் துணி மாதிரி திட்டுத் திட்டாக. தெருவே சிரித்தது. "ஏன் பாய், வெள்ளக் குதிரையக் குடுத்துட்டு கழுதைய ஓட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று எதிர்வீட்டு டீக்கடைக்காரர் கேட்டார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. குதிரையின் சுழியெல்லாம் சுத்தம் என்றார். பிறக்கும்போதே எந்தக் குதிரையும் இப்படி வெள்ளையாகப் பிறக்காது, சாம்பலாக இருந்து வயசு ஏற ஏறத்தான் வெளுக்கும், நம்ம நூரியும் அப்படித்தான் என்றார். அதற்கு டீக்கடைக்காரர், "அப்ப கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வரச் சொல்லிரலாம்" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குட்டி குக்கர் விசில் சத்தத்துக்கே கொட்டகையை உதைத்துக்கொண்டு நின்றபோது சிரிப்பு போய்விட்டது.

நூரி போய் இரண்டு வாரம் இருக்கும். அந்த மனிதரிடமிருந்து போன். பேச்சில் சூடு. "அக்கா, ஈ குதிரை பேடா. ஆகல்ல. வந்து கூட்டிட்டுப் போங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். இந்தக் குதிரை வேண்டாம், சரிப்பட்டு வராது என்கிறார். என்னவென்று கேட்டால், நாலு அடி நடக்கிறது, நிற்கிறது, நாலு அடி நடக்கிறது, நிற்கிறது, காலில் கோளாறா, புத்தியில் கோளாறா தெரியவில்லை, பிள்ளைகளைப் பெற்றவர்கள் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றார். திருப்பி அனுப்பிவிட்டால் நூரிக்கு மறுபடியும் தார் ரோடுதான், இல்லையென்றால் சந்தைதான். நல்ல இடத்துக்குத்தான் அனுப்புகிறோம் என்று இவருக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அனுப்பியவள் நான்.

இவரைக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்றுவிட்டார். "நான் வந்தா அதும் மூஞ்சியப் பாத்ததும் கையோட ஓட்டிட்டு வந்துருவேன். நீ போ. நீதான் பேசுவ" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்குக் கொடுத்த சான்றிதழ் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை லீவு. பர்தாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் இடம் நன்றாகத்தான் இருந்தது. மெத்தென்று மணல் கொட்டிய மைதானம், சுற்றிலும் மூங்கில் வேலி, வேப்பமர நிழலில் லாயம், தொட்டி நிறையத் தண்ணீர். கோடை விடுமுறை என்பதால் பிள்ளைகள் கூட்டம். நூரியின் மேல் எட்டு ஒன்பது வயசுப் பெண் குழந்தை ஒன்று ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார். வேலிக்கு வெளியே அம்மா அப்பாக்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் போன். எல்லாப் போனும் நூரியைப் பார்த்துத் தூக்கியபடி!

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பாவம், அது என்ன செய்யும்? இந்தப் பக்கம் ஒருவர் தூக்கினால் நிற்கிறது. அவர் இறக்கினால் நடக்கிறது. அடுத்தவர் தூக்குகிறார், நிற்கிறது, கழுத்தை வளைக்கிறது. என் வாழ்நாளில் எந்தக் குதிரையும் இவ்வளவு கண்ணும் கருத்துமாக வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அந்த மனிதரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "கத சொல்லாதீங்கக்கா" என்றார். குறை இருக்கிற குதிரையைத் தலையில் கட்டிவிட்டு இப்போது அதையே பெருமை என்று சொல்கிறேனாம். சாயங்காலம் வண்டி ஏற்பாடு செய்கிறேன், ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார். நான் விடுவேனா? எங்கள் லைனில் தரம் பார்க்கிறவளிடமே குறை என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. குரல் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தீவன வண்டி உள்ளே வந்து, பாதி உள்ளே பாதி வெளியே என்று நின்று சோளத்தட்டை இறக்கிக்கொண்டிருந்தது. கேட் முழுசாகத் திறந்து கிடந்தது.

அப்போதுதான் பேண்ட் சத்தம் கேட்டது. மைதானத்திலிருந்து போகிற மண் பாதை முடிகிற இடத்தில் ஹைவேயின் சர்வீஸ் ரோடு. அங்கே ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள். மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார் போல, டிரம்ஸும் டிரம்பெட்டும் ஒன்றாகக் கிளம்பின.

நூரியின் இரண்டு காதும் நேராக நிமிர்ந்தன. கயிற்றைப் பிடித்திருந்த ஆள் அந்த நேரம் பக்கத்துக் குதிரையிலிருந்த பிள்ளையின் காலை மிதியில் சரியாக வைக்கக் கயிற்றை விட்டிருந்தார். நூரி திரும்பியது. வேலி இடைவெளியில் புகுந்து, தீவன வண்டியை உரசாமல் ஒதுங்கி, எங்களைக் கடந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டது. மிரண்டு ஓடியது என்று நினைக்காதீர்கள். தலையைத் தூக்கிக்கொண்டு, காலை எடுத்து எடுத்து வைத்து, ஊர்வல நடை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புகிற ஆள் மாதிரி போனது. முதுகில் அந்தக் குழந்தை பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த மனிதர் பாய்ந்து கயிற்றைப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. வேலையாட்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். குழந்தையின் அம்மா அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நூரிக்கோ பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவருவது புதுசா? கல்யாணக் கூட்டம் என்றால் அப்படித்தானே? சந்தோஷமாக நடையைக் கூட்டிவிட்டது. ஓட்டமும் நடையுமாக மண் பாதையில் பாதிதூரம் போய்விட்டது. அந்தப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

பின்னால் ஓடிப் பிரயோஜனம் இல்லை, முன்னால் போக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. சாப்பாடு டெலிவரி செய்கிற பையோடு ஒரு பைக் அப்போதுதான் கேட் முன்னால் வந்து நின்றது. கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "தம்பி, குதிரைக்கு முன்னாடி விடுப்பா. பக்கத்துல போவாத, கொல்லைக்குள்ள எறக்கிச் சுத்தி விடு" என்றேன். யார் என்ன என்று அந்தத் தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதையோரம் உழுது போட்டிருந்த நிலத்துக்குள் பைக்கை இறக்கினார். என் ஒரு செருப்பு போன இடம் தெரியவில்லை. பர்தா சக்கரத்தில் சிக்காமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே போனேன். நூரியைச் சுற்றிக் கடந்து, பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் என்னை இறக்கிவிட்டார்.

முதுகுக்குப் பின்னால் லாரிகள். எதிரில் நூரி. போட்டோக்காரர்கள் எப்படி நிற்பார்கள் என்று எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்! காலை அகட்டி நின்று, போனை எடுத்து, கேமராவைத் திறந்து, கல்யாண வீடியோ விளக்கு மாதிரி டார்ச்சையும் போட்டு, இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கினேன்.

நூரி இரண்டு அடி வைத்தது. நின்றது. கழுத்தை வளைத்தது. வலது முன்னங்காலை எடுத்து வைத்தது. காதை விடைத்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தேன். ஆனால் இனிமேல்தான் கஷ்டம். போனை இறக்கினால் அது நடக்க ஆரம்பித்துவிடும். இறக்காமல் கயிற்றைப் பிடிக்க முடியாது. நான் சிலை மாதிரி நிற்கிறேன், எதிரில் நூரி சிலை மாதிரி நிற்கிறது, மண்டபத்தில் பேண்ட் இன்னும் வேகம் பிடிக்கிறது. நூரியின் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. அதற்குள் ரோட்டில் ஒரு கர்நாடக பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகத் தலைகள். கூடவே போன்கள்! உதவிக்கு வராமல் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறவர்களை என் வாழ்க்கையில் எத்தனை முறை திட்டியிருப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இவர்களும் நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்தினேன். "போட்டோ தெகீரி! எல்லாரூ போட்டோ தெகீரி!" என்று தெரிந்த கன்னடத்தில் கத்தினேன். எல்லாரும் எடுங்கள் என்றால் எடுக்கக் கசக்குமா? பஸ்ஸில், பைக்கில், பழவண்டிப் பக்கத்தில் என்று சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. நூரி மார்பை இன்னும் நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது.

அந்த மனிதர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "பின்னாடி வராதீங்க, பக்கத்துல மெதுவா வாங்க" என்றேன். சொன்னபடியே வந்து கயிற்றைப் பிடித்தார். குழந்தையைத் தூக்கி இறக்கினார். அதற்குப் பிறகுதான் போனை இறக்கினேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழந்தை என்னிடம் வந்து, அழுகையும் சிரிப்புமாக, "ஆன்ட்டி, நான் விழவே இல்ல, பாத்தீங்களா?" என்றது. அது விழவில்லை என்பது அதற்கு எவ்வளவு பெருமையோ, எனக்கும் அவ்வளவு பெருமை.

குழந்தையின் அம்மா ஓடி வந்து அதைக் கட்டிக்கொண்டார். பிறகு எல்லாரையும் பிடி பிடியென்று பிடித்தார். தெற்கத்திப் பேச்சு. "இதெல்லாம் ஒரு குதிரையா? எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னய்யா பண்ணுவீக?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. திறந்த கேட்டுக்கும் விட்ட கயிற்றுக்கும் அந்த மனிதர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். எனக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நூரியை ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது. "அது ஓடலம்மா. வேலைக்குப் போச்சு. பேண்டு கேட்டா போவணும், போட்டோன்னா நிக்கணும். எத்தன வருசமா அது சோறு சம்பாரிச்சது அப்பிடித்தான். உங்க புள்ளைய அது கீழ வுடல பாத்தீங்களா?" என்றேன். அந்த அம்மா என்னையும் என் செருப்பில்லாத காலையும் பார்த்தார். அதற்கு மேல் திட்டவில்லை.

திரும்பி நடக்க ஆரம்பித்தோம். அந்த மனிதர் நூரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரோட்டிலிருந்து இறங்கும்போது, தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் அவர் நின்றார். குனிந்து நூரியின் மூட்டைத் தடவிப் பார்த்தார். வேலையாளிடம் உப்பு போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னார். பாதையில் கல் கிடந்த இடமெல்லாம் தான் கல்லில் நடந்து, குதிரையை மண்ணில் நடத்தி வந்தார். இவ்வளவு அமர்க்களத்துக்கு நடுவில், குதிரையை வேண்டாம் என்று சொன்ன ஆள் அதன் காலை நினைத்தார் பாருங்கள். எனக்கு அங்கேயே மனசு முடிவு செய்துவிட்டது. நூரி இருக்க வேண்டிய இடம் இதுதான், அந்த மனிதர் துரத்தினாலும் நான் கூட்டிக்கொண்டு போவதாக இல்லை.

அவர் நூரியைத் துரத்தவும் நான் விடவில்லை. வேப்பமரத்தடியில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்தேன். வேலிக்கு வெளியே நிற்கிற அம்மா அப்பாக்கள் ஒரு பத்து நிமிஷம் போனைப் பைக்குள் வைக்க முடியுமா என்று கேட்டேன். இரண்டு பேர் முனகினார்கள். அந்தத் தெற்கத்தி அம்மாதான் முதலில் தன் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். கேட்டைப் பூட்டிவிட்டு நூரியை மைதானத்தில் விட்டார்கள். அந்தக் குழந்தைதான் மறுபடியும் ஏறியது. நான்தான் ஏறுவேன் என்று ஒரே அடம். நூரி சுற்றிச் சுற்றி நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. நடுவில் அந்த மனிதர் ஒரு முறை தன் போனை எடுத்துத் தூக்கினார். சட்டென்று நின்றது. இறக்கினார். நடந்தது. மறுபடி தூக்கினார். நின்றது. குழந்தைகள் கைதட்டின. அவர் முகத்தில் சிரிப்பு பரவியதைப் பார்க்க வேண்டுமே! "அக்கா, இது குதிரை இல்ல, பிரேக் வெச்ச வண்டி" என்றார். குதிரை மைதானத்தில் இருக்கிறவரை கேட்டுக்குப் பூட்டு, மைதானத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் கையில் மட்டும் போன், மற்றவர்கள் போனெல்லாம் ஆபீஸ் அறையில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கெட்டில் என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறினாலும் அவர் இருந்த இடத்திலிருந்தே நூரியை நிறுத்திவிடலாம்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். போனைத் தூக்கிப் பிடித்திருந்தபோது விரல் பட்டு நான் ஒரு படமும் எடுத்திருந்தேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாது, அவர் கேட்டபிறகுதான் பார்த்தேன். கழுத்தை வளைத்து நிற்கும் நூரி, மேலே ஹெல்மெட் கோணலாகிப் போன குழந்தை, முன்பல் தெரியச் சிரிப்பு. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது அது போட்டோவுக்குச் சிரித்திருக்கிறது! அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு, அந்த அம்மா என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றார். பிறகு தன் காரில் கூட்டிக்கொண்டு வந்து, வழியில் ஒரு கடையில் நிறுத்தி, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துத்தான் பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

வீட்டில் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். லாரி வந்த இடத்தில் முகம் வெளுத்தார், போனைத் தூக்கிய இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், வெந்நீர் ஒத்தடம் என்றதும் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருவருமாகப் போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடோ குதிரையோ, உருப்படியைக் கொடுப்போம், கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கொடுக்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள வேண்டும், வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்ட வேண்டும். அதோடு வியாபாரம் முடிந்தது. இவர் பிஸ்மி சொல்லி நூரியின் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு அவிழக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த மனிதர் புதுக் கயிற்றைக் கட்டினார். திரும்பி வரும்போது இவர் பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, "ட்ரையல் முடிஞ்சு பர்மனென்ட் பண்ணிட்டாங்க நம்ம நூரிய" என்றார். ஓசூரில் பிள்ளைக்கு வேலை நிரந்தரமான அப்பா எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

குட்டியும் இப்போது தேறிவிட்டது. தகரத்தைத் தட்டி, கடன் வாங்கின டிரம்மை அடித்து, இரண்டரை வருஷம் இவர் அதைப் பழக்கியதில் எங்கள் தெருவே காதில் பஞ்சு வைத்துக்கொண்டது. போன தையில் கல்லாவிக்கு முதல் ஊர்வலம் போய் வந்தது. நிறம் இன்னும் முழுசாக வெளுக்கவில்லை, ஆனால் டீக்கடைக்காரர் கழுதை என்பதை நிறுத்திவிட்டார். பழைய போட்டோக்காரர்கள் பார்த்தால், "அந்தக் குதிர எங்க பாய்?" என்று கேட்கிறார்கள். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை பார்க்கிறது என்று நான் முந்திக்கொண்டு சொல்வேன்.

எங்கள் கம்பெனிக்கு மதுரை, திருநெல்வேலி, ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். புதிதாக வந்த பெண் பாகத்தை இடது கையில் எடுத்தால், இரண்டு தடவை தட்டிப் பார்த்தால், இவளுக்கு வேலை தெரியவில்லை என்று சூப்பர்வைசர் உடனே குறைப் பக்கம் தள்ளப் பார்ப்பார். அத்திப்பள்ளியிலிருந்து வந்த பிறகு நான் அப்படித் தள்ளவிடுவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "இதுக்கு முன்னாடி எங்கம்மா வேல பாத்த?" என்று முதலில் கேட்கிறேன். கேட்ட ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு நல்ல பதில் இருந்திருக்கிறது, அதைக் கேட்கத் தெரிந்தவளாக என்னை ஆக்கியது எங்கள் வீட்டுக் குதிரை என்பதில் எனக்குக் கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை.